ஒரு எல்போவின் ஜாதகம்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுக்கிட்டே இருந்த விஷயம் இது. ஒவ்வொரு தடவையும் "இதை யாரு படிக்கப் போறா"ன்னு தள்ளிப் போட்டாச்சு. போன வாரம் வீட்டுல குழாய் ஒழுகி, பிளம்பர் வந்து பழைய எல்போவைக் கழட்டித் தரையில போட்டுட்டுப் போனார். துருப்பிடிச்ச அந்த எல்போவைக் கையில எடுத்ததும் பழசெல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. சரி, எழுதிடுவோம்.

எல்போன்னா முழங்கை. ரெண்டு குழாயைத் திருப்பத்துல இணைக்கிற சாமான். டீ, யூனியன், நிப்பிள், ரெட்யூசர், ஃப்ளாஞ்ச் எல்லாம் இதோட சொந்தக்காரங்க. சென்னை செம்புதாஸ் தெருப் பக்கம் போனா கடை கடையா மலை மாதிரி குவிச்சு வெச்சிருப்பாங்க. பார்க்க அப்பாவியா இருக்கும். ஆனா இது கப்பல்ல ஏறி ஒரு நாட்டுக்குள்ள வரும்போது கேக்குற கேள்வி இருக்கே, "நான் யாரு?" அதுக்குப் பதில் சொல்ல உலகம் நூறு வருஷத்துக்கு மேல எடுத்துக்கிட்டது. தப்பாப் பதில் சொல்லி ஒரு மனுஷனோட ஒரு வருஷப் பிழைப்பை நான் கெடுத்திருக்கேன். ரெண்டு கதையும் ஒண்ணாத்தான் சொல்லணும்.

லிங்கிச் செட்டித் தெரு, 1994

அப்போ நான் பாரிமுனையில, லிங்கிச் செட்டித் தெருவுல ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல குமாஸ்தா. வேலைக்குச் சேர்ந்து ஒண்ணரை வருஷம். இறக்குமதியாகிற சரக்குக்கு 'பில் ஆஃப் என்ட்ரி' தயார் பண்ணிக் கஸ்டம்ஸ் ஹவுஸுக்குத் தூக்கிட்டு ஓடுறதுதான் வேலை. அந்தத் தாள்ல முக்கியமான கட்டம் ஒண்ணு உண்டு. சரக்கோட எண். எந்தச் சாமான் வந்தாலும் டாரிஃப் புத்தகத்துல அதுக்கு ஒரு எண் இருக்கும். எண்ணுக்கு எதிர்ல வரி எவ்வளவுன்னு போட்டிருக்கும். எண் மாறினா வரியும் மாறும்.

வரின்னா இன்னைக்கு மாதிரி இல்லை. 1991-ல இறக்குமதி வரியின் உச்சவரம்பே 150 சதவீதம். அப்புறம் வருஷா வருஷம் குறைச்சுக்கிட்டே வந்தாங்க. 1994-95 பட்ஜெட்டில் 65 சதவீதம், 1995-ல் 50, 2007-ல்தான் 10 சதவீதம். நான் சொல்ற காலத்துல மெஷினரிக்குச் சலுகை விகிதம், இரும்புச் சாமானுக்கு அதைவிட ரொம்ப அதிகம். அதனால எல்லாரும் தங்கள் பெட்டியில இருக்கிறது மெஷின்னு சொல்லத்தான் ஆசைப்படுவாங்க.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் கூழ் தயாரிக்கிற சின்ன ஃபேக்டரிக்காரர் ஒருத்தர் எங்க பார்ட்டி. பேங்க் கடன் வாங்கி இத்தாலியில இருந்து ஒரு மெஷின் வரவழைச்சார். மாம்பழ சீசனுக்குள்ள ஓட்டிடணும்ங்கிறது அவர் கணக்கு. ஒரு நாள் ஆபீஸுக்கு போன் பண்ணினார். மேனேஜர் இல்லை. நான்தான் எடுத்தேன்.

"தம்பி, மெஷின் ரெடியாம். பைப் ஃபிட்டிங்ஸ் ஒரு பெட்டி மட்டும் இன்னும் முடியலையாம். மெஷினை முதல்ல ஏத்திட்டு, அந்தப் பெட்டியைப் பின்னாடி தனியா அனுப்பட்டுமான்னு கேக்கறான். ஒண்ணும் ஆகாதுல்ல?"

"அனுப்பச் சொல்லுங்க சார். மெஷின் பார்ட்ஸ்தானே, ஒண்ணும் ஆகாது."

இவ்வளவுதான் நான் சொன்னது. என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்த டாரிஃப் புத்தகம் எப்படி வந்ததுன்னு தெரிஞ்சாத்தான் நான் பண்ணின தப்பு புரியும்.

மலை மாடும் 186 சாமானும்

ஒரு காலத்துல ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்கு வரிப் பட்டியல் போட்டுக்கிட்டது. ஒருத்தர் அகர வரிசை, ஒருத்தர் வரி விகித வரிசை, இன்னொருத்தர் எந்தப் பொருளால செஞ்சதுங்கிற வரிசை. இதுல தில்லுமுல்லுக்கும் பஞ்சமில்லை. படிச்சவுடனே சிரிச்ச ஒண்ணு சொல்றேன். 1900-களின் தொடக்கத்துல ஜெர்மனி சுவிட்சர்லாந்து மாடுகளுக்கு மட்டும் வரியைக் குறைக்க நெனச்சது. ஆனா ஒப்பந்தப்படி ஒரு நாட்டுக்குக் கொடுத்த சலுகையை மத்த நாடுகளுக்கும் கொடுத்தாகணும். என்ன பண்ணினாங்க? கடல் மட்டத்துக்கு மேல 300 மீட்டராவது உயரமான இடத்துல வளர்ந்து, வருஷத்துக்கு ஒரு மாசமாவது 800 மீட்டருக்கு மேல மேய்ஞ்ச, உடம்புல திட்டுத் திட்டா நிறமுள்ள பெரிய மலை மாடுன்னு ஒரு இனத்தையே பட்டியல்ல உண்டாக்கிட்டாங்க! டென்மார்க்கின் மிக உயரமான இடமே 200 மீட்டரைத் தொடாது. பாவம், அந்த ஊர் மாடு எங்க போய் மேயும்? :-)

நாட்டு பேரைச் சொல்லாமலே ஒரு நாட்டைக் கழட்டி விடலாம், பட்டியல் எழுதுற பேனா கையில இருந்தா. அதனாலதான் எல்லாருக்கும் பொதுவா ஒரே பட்டியல் வேணும்ங்கிற பேச்சு வந்தது. புள்ளிவிவரக்காரங்க 1853-லயே பிரஸ்ஸல்ஸ்ல கூடி இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சாச்சு. 1913-ல அதே பிரஸ்ஸல்ஸ்ல ஒரு ஒப்பந்தம். உலகத்துச் சரக்கு மொத்தத்தையும் அஞ்சு கூட்டமா, 186 வகையாப் பிரிச்சாங்க. உயிருள்ள பிராணி, உணவும் பானமும், மூலப்பொருள், செய்பொருள், தங்கம் வெள்ளி. நம்ம எல்போ செய்பொருள் கும்பல்ல பத்தோட பதினொண்ணு. வர்த்தகக் கணக்கு எழுத அது போதும். வரி போடப் போதாது.

அடுத்து சர்வதேச சங்கம். 1927-ல ஜெனீவாவுல நடந்த உலகப் பொருளாதார மாநாட்டுக்குப் பிறகு வேலை ஆரம்பிச்சு, 1931-ல ஒரு வரைவு, 1937-ல திருத்திய பதிப்பு. 21 பிரிவு, 86 அத்தியாயம், 991 தலைப்பு. நல்ல பட்டியல்தான், ஆனா ரெண்டே வருஷத்துல உலகப் போர் வந்துடுச்சு. போருக்கப்புறம் 1950 டிசம்பர்ல பிரஸ்ஸல்ஸ்ல புது ஒப்பந்தம். அது நடைமுறைக்கு வந்தது 1959-ல. நம்ம சீனியர்கள் வாயில புழங்கின 'பிரஸ்ஸல்ஸ் நாமன்க்ளேச்சர்' இதுதான். ஆனா அமெரிக்காவும் கனடாவும் இதுல சேராம தனிப் பட்டியல் வெச்சிருந்தாங்க. எல்லாரையும் ஒரே குடைக்குக் கீழ கொண்டு வந்தது 1983 ஜூன் 14-ல கையெழுத்தாகி 1988 ஜனவரி 1-ல நடைமுறைக்கு வந்த 'ஹார்மனைஸ்டு சிஸ்டம்'. ஆறு இலக்க எண். இன்னைக்கு உலக சரக்கு வர்த்தகத்துல 98 சதவீதம் இந்த எண்ணுக்குள்ளதான் ஓடுது.

நம்ம நாட்டுல 1934-ஆம் வருஷத்துச் சட்டம்தான் ரொம்ப காலம். 1975-ல புது கஸ்டம்ஸ் டாரிஃப் சட்டம் வந்து, 1976 ஆகஸ்ட் 2 முதல் பிரஸ்ஸல்ஸ் பட்டியல் அடிப்படைக்கு மாறினோம். அப்புறம் உலகம் 1988-ல தொடங்கறதுக்கு முன்னாடியே, 1986 பிப்ரவரி 28-லயே புது முறைக்குப் போயிட்டோம். (அமெரிக்கா வந்தது 1989-ல. இந்த ஒரு விஷயத்துல நாம முந்திட்டோம்!) 2003-ல நம்ம எண் எட்டு இலக்கமாச்சு. ஆனா முதல் ஆறு இலக்கம் உலகத்துக்கே ஒண்ணுதான்.

எல்போவின் விலாசம்

இப்போ நம்ம ஆளுக்கு விலாசம் எழுதலாம். இரும்பு, உருக்குப் பொருள்களுக்கு 73-ஆம் அத்தியாயம். அதில் ஏழாவது தலைப்பு குழாய் இணைப்பு உறுப்புகளுக்குன்னே ஒதுக்கினது. 73.07. அதுக்குள்ள வார்ப்புல செஞ்சதா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, மத்ததான்னு மூணு தெரு. வார்ப்புன்னா, தட்டினா உடையிற சாதா வார்ப்பிரும்புக்கு 7307.11, வளைந்து கொடுக்கிற மலியபிள் முதலானதுக்கு 7307.19. ஸ்டெயின்லெஸ்ஸுல ஃப்ளாஞ்சுக்கு 7307.21, மரை போட்ட எல்போவுக்கு 7307.22, வெல்டிங் வைக்கிற வகைக்கு 7307.23. மரை இருக்கா இல்லையான்னு பார்த்துக் கதவு எண் மாறும்.

உலோகம் மாறினா ஊரே மாறிடும். தாமிரம், பித்தளைன்னா 74.12. நிக்கல் 75.07. அலுமினியம் 76.09. 77-ஆம் அத்தியாயம் காலி மனை. பிற்காலத்துக்குன்னு விட்டு வெச்சிருக்காங்க, இன்னும் யாரும் குடி வரலை. பிளாஸ்டிக்னா உலோகத் தெருவுக்கே வர வேண்டாம், 39.17-க்குப் போயிடணும்.

இதுல எனக்கு மனசுல நிக்கிற விஷயம் ஒண்ணு. பிளம்பர்ங்கிற வார்த்தையே ஈயத்துக்கான லத்தீன் சொல்லான 'பிளம்பம்'ல இருந்து வந்தது. ரோமாபுரி காலத்துல இருந்து குழாய்னா ஈயக் குழாய். பட்டியல்லயும் ஈயக் குழாய்க்கும் அதோட இணைப்புகளுக்கும் 78.05-னு தனித் தலைப்பு இருந்தது. அதை வாங்கி விக்கிற ஆள் குறைஞ்சு போச்சு. 2007 திருத்தத்துல அந்தத் தலைப்பையே எடுத்துட்டு, ஈயத்துல செஞ்ச மத்த சாமானோட 78.06-ல கொண்டு போய்ச் சேர்த்துட்டாங்க. ரெண்டாயிரம் வருஷத் தொழில் ஒண்ணு முடிஞ்சுபோனதுக்குக் கல்வெட்டெல்லாம் இல்லை. ஒரு வரிப் பட்டியல்ல நடுவுல ஒரு எண் விட்டுப் போயிருக்கும், அவ்வளவுதான்.

சரி, எது குழாய் இணைப்பு, எது இல்லை? இதுக்கு அழகான ஒரு சோதனை உண்டு. குழாய்க்குள்ள தண்ணி ஓடுற வழி இருக்கில்லையா, அந்தத் துவாரத்தோட ஒரு பகுதியா அந்தச் சாமான் ஆகுதா? எல்போ ஆகும். டீ ஆகும். துவாரத்தை மூடுற பிளக்கும் சேரும். ஆனா குழாயைச் சுவத்துல பிடிச்சு நிறுத்துற கிளாம்ப் ஆகாது. தண்ணி அதுக்குள்ள போறதில்லை. அது வெளியாள். 73.26-னு 'இதர சாமான்' சத்திரத்துல போய்ப் படுக்கணும். திருகி மூடுற வால்வு வந்துட்டா 84.81, அது மெஷினரி வகையறா.

எதுக்குன்னு கேக்காதே, என்னன்னு கேளு

இப்பத்தான் என் தப்புக்கு வர்றேன். உலோகங்களுக்கான 15-ஆம் பிரிவுக்கு ஆரம்பத்துல சில குறிப்புகள் இருக்கு. அதுல ரெண்டாவது குறிப்பு, 73.07, 73.12, 73.15, 73.17, 73.18 இந்தத் தலைப்புகள்ல வர்றதையும் வேற உலோகத்துல அதே மாதிரி வர்றதையும் 'பொதுப் பயன்பாட்டு உறுப்புகள்'னு பேர் வெச்சு ஒண்ணாக் கட்டுது. குழாய் இணைப்பு, கம்பி வடம், சங்கிலி, ஆணி, போல்ட்டு நட்டு எல்லாம் இதுல அடக்கம். அந்தப் பக்கம் மெஷினரிப் பிரிவையும் வண்டிப் பிரிவையும் புரட்டினா, பொதுப் பயன்பாட்டு உறுப்புகள் எங்க வீட்டுல சேராதுன்னு எழுதியிருக்கும். அதாவது ஒரு எல்போ மாம்பழ மெஷினுக்குப் போகட்டும், கப்பல் எஞ்சினுக்குப் போகட்டும், தனியா வந்தா அது எல்போதான். மெஷின் பார்ட் இல்லை.

ஏன் இப்படி? யோசிச்சுப் பார்த்தா நியாயம் புரியுது. துறைமுகத்துல நிக்கிற அதிகாரி பெட்டி பின்னாடியே கிருஷ்ணகிரி வரைக்கும் போய், எந்த மெஷின்ல மாட்டுறாங்கன்னு பார்த்துட்டு வர முடியாது. கையில இருக்கிற பொருளைப் பார்த்து முடிவு செய்யணும். இல்லேன்னா ஒரே எல்போவுக்கு ஆளுக்கொரு வரி ஆயிடும். மலை மாடு கதைதான் திரும்பவும்.

அமெரிக்காவுல இதே கேள்வி வேற வேஷத்துல வந்தது. சீனாவிலிருந்து வர்ற வெல்டிங் வகைக் கார்பன் ஸ்டீல் குழாய் இணைப்புகள் மேல 1992-ல ஆன்ட்டி டம்பிங் வரி போட்டாங்க. கிங் சப்ளைன்னு ஒரு இறக்குமதியாளர், "நான் கொண்டு வர்றது கைப்பிடிக் கம்பிக்கும் வேலிக்கும்தான், தண்ணிக் குழாய்க்கு இல்லை, அதனால அந்த வரி எனக்கு ஒட்டாது"ன்னு வாதாடினார். கீழ்க் கோர்ட் ஒத்துக்கிட்டது. 2012-ல மேல் கோர்ட் ஒத்துக்கலை. உத்தரவுல சொன்ன பொருள்தான் இது, எங்க மாட்டுறேங்கிறது முக்கியமில்லைன்னு முடிச்சுட்டாங்க. அது டாரிஃப் எண் வழக்கு இல்லை, வரி உத்தரவு எதுவரைக்கும் பாயும்ங்கிற வழக்கு. ஆனா உள்ள ஓடுற கேள்வி அதேதான்.

இந்தச் சின்னச் சாமான் உலக வர்த்தக அமைப்பு வரைக்கும் கூடப் போயிருக்கு. மலியபிள் வார்ப்பு இணைப்புகள் மேல ஐரோப்பா 2000-ல வரி போட, பிரேசில் வழக்குப் போட்டது. விசாரணைக் காலத்துக்கு நடுவுல, 1999 ஜனவரியில, பிரேசில் நாணயத்தோட மதிப்பே விழுந்துடுச்சு, பழைய விலைக் கணக்கை வெச்சு எங்களைத் தண்டிக்கலாமான்னு கேட்டாங்க. 2003-ல வந்த தீர்ப்புல அந்த வாதம் எடுபடலை. ஆனா கணக்குப் போட்ட விதத்துல ஐரோப்பா பக்கம் சில தப்பு இருக்குன்னும் சொன்னாங்க. எல்லாம் 7307.19-க்குள்ள நடந்த சண்டை!

அதுக்காக 'எதுக்கு'ங்கிற கேள்வி செத்துப் போச்சுன்னு நெனச்சுடாதீங்க. 2021 மார்ச்சில் நம்ம உச்ச நீதிமன்றத்துல ஒரு வழக்கு. ரயில்வே சிக்னலுக்குன்னே செஞ்ச மின் ரிலே. அது 85-ஆம் அத்தியாயத்து மின்சாமான்னு துறை சொல்ல, இல்லை, 86-ஆம் அத்தியாயத்து சிக்னல் கருவியோட பாகம்தான்னு நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. எதுக்காகச் செஞ்சாங்கங்கிறதைத்தான் அங்க பெரிசா எடுத்துக்கிட்டாங்க. ரிலே பொதுப் பயன்பாட்டு உறுப்பு இல்லை, அது தள்ளுபடிப் பட்டியல்ல வேற வரியில வர்றது. இருந்தாலும் நூறு வருஷம் உட்கார்ந்து பட்டியல் எழுதியும், 'என்ன'வுக்கும் 'எதுக்கு'க்கும் நடுவுல இருக்கிற வாய்க்கால் வரப்புத் தகராறு இன்னும் முடியலை.

ரெண்டாவது பெட்டி

மெஷின் ஏப்ரல்ல வந்தது. சுலபமா வெளிய போச்சு. ஃபிட்டிங்ஸ் பெட்டி மே கடைசியில வந்தது. இன்வாய்ஸ்ல 'மெஷின் பாகங்கள்'னு இருந்தது. நானும் 84-ஆம் அத்தியாயத்துல மெஷின் பார்ட்னு எழுதிக் கொடுத்துட்டேன். பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னாங்க. உள்ள பளபளன்னு ஸ்டெயின்லெஸ் எல்போ, டீ, ஃப்ளாஞ்ச். வேற ஒண்ணுமே இல்லை.

அப்ரைசர் நல்ல மனுஷர். சத்தம் போடலை. புத்தகத்தைத் திறந்து அந்த ரெண்டாவது குறிப்பு மேல விரலை வெச்சு, "தம்பி, இதைப் படிச்சியா?"ன்னு மட்டும் கேட்டார். நான் படிச்சதே இல்லை. தலைப்பை மட்டும் பார்த்து எண் எழுதிக்கிட்டிருந்த பய நான்.

73.07-ன்னு மாத்தினதுல வரி வித்தியாசம், தப்பா எழுதினதுக்கு அபராதம், துறைமுகத்துல கிடந்ததுக்கு டெமரேஜ். மேனேஜர் அலையா அலைஞ்சு அபராதத்தைக் குறைச்சார். கையில பணம் இல்லாம அவர் மறுபடி பேங்குக்கு ஓட, பெட்டி வெளிய வர மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. அங்க கிருஷ்ணகிரியில மெஷின் நிக்குது, ஒரு சொட்டுச் சாறு ஓடக் குழாய் இல்லை. மாம்பழம் காத்துக்கிட்டு இருக்குமா?

பெட்டியை எடுக்க அவரே வந்தார். திட்டுவார்னு நெனச்சு எழுந்து நின்னேன். திட்டலை. தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சார். அப்புறம் கேட்டார்:

"ஏன் தம்பி, அன்னிக்கு மெஷினோட சேர்ந்தே ஒரே கப்பல்ல வந்திருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனா அதுக்குள்ள நான் விதிகளை முழுசாப் படிச்சு முடிச்சிருந்தேன். பிரிச்சுக் கொண்டு வர்ற மெஷினை முழு மெஷினாவே எடுத்துக்கணும்னு ரெண்டாவது விதியிலயே இருக்கு. கூட வந்திருந்தா அந்த எல்போவெல்லாம் மெஷினோட அங்கமாவே போயிருக்கும்.

"மெஷினாவே போயிருக்கும் சார். 73-ன்ற பேச்சே வந்திருக்காது."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "நீ ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னியே"ன்னு கேக்கலை. அவருக்கு ஞாபகம் இருந்ததா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. "சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"னு சொல்லிட்டு ரசீதை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டுப் போனார். அடுத்த வருஷம் ஃபேக்டரி ஓடிச்சு. வட்டி மட்டும் ரெண்டு வருஷத்துக்குக் கட்டினார்னு மேனேஜர் சொன்னார்.

அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல அந்தத் தொழில்ல இருந்தேன். யாராவது போன் பண்ணி "பின்னாடி தனியா அனுப்பட்டுமா"ன்னு கேட்டா, உடனே பதில் சொன்னதே இல்லை. "பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா படிங்க சார், நான் எழுதிக்கறேன்"ன்னு பேனாவை எடுப்பேன். பிளம்பர் போட்டுட்டுப் போன அந்தத் துருப்பிடிச்ச எல்போவைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட மனசு வரலை. கழுவி மேஜை மேல வெச்சிருக்கேன். வீட்டுல கேக்கறாங்க, இது எதுக்குன்னு.